ரியோத்தாவுக்கு ஒரு பூசை

சூசைத்துறை
6 செப்டம்பர் 2009

சிந்தியாவின் அப்பாவுக்கு வேளாங்கண்ணி எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்தையும் படகில் உள்ளவர்கள் சுகத்தையும் எழுதுங்கள். எனக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. தினமும் மீன்கூடையோடு தக்கலைக்கு வேன் ஏறி இறங்குகிறவளை அது எப்படி விடும்?

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். என் தம்பி கடலில் செத்துப்போன செய்தி அந்தப் போனில்தான் வந்தது. அன்றிலிருந்து நான் அதைக் காதில் வைத்ததில்லை, வைக்கவும் மாட்டேன். வைத்தாலும் இந்தக் காரியத்தை அதில் பேச முடியாது. போன் இருப்பதே மகளின் கையில்தான்.

முந்தாநாள் தலைவெள்ளி. மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் கோயில் நிறைந்த கூட்டம். சாமியார் பூசைக் கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்தார். இன்னாருடைய ஆன்மா இளைப்பாற, இன்னாருக்கு வேலை கிடைக்க என்று வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று, "ரியோத்தாவின் வலது கை சுகம் பெற" என்றார்.

யாரும் பெரிதாக அதிசயப்படவில்லை. நம் கடற்கரையில் ஜிஜோ, ரிஜோ, ஷிஜோ என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பெயராக வைக்கிறார்கள், அதில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். உங்கள் தங்கச்சி ஷீஜா மட்டும் என் காதோரம் வந்து, "கீழத்துறைக்காரனா இருக்கும் மைனி. அங்கதான் இப்பிடிப் பேரு வைப்பானுவ" என்றாள். நான் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் ஞானதாசனிடம் போய், பூசைக்கு எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். அந்த மனிதர், "எனக்கிட்ட என்னத்துக்குக் கேக்குதிய? ஒங்க மவதான் குடுத்தா" என்றார்.

வீட்டுக்கு வந்து, "ஏட்டி, யாருட்டி அந்த ரியோத்தா?" என்றேன். சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, "கூடப் படிக்கிய பிள்ளைக்க அண்ணன்" என்றாள். கண்ணைத் தூக்கவில்லை. கண்ணைத் தூக்காமல் மீன் நல்ல மீன் என்று சொல்கிறவனிடம் நான் மீன் எடுப்பதில்லை.

கீழத்துறைக்காரனாக இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலை அறுத்த சண்டைக்குப் பிறகு இரண்டு ஊருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நம் பெண் அங்கே போனாள் என்றால் ஊர் நம்மைத் தள்ளிவைக்கும். அவளுக்கு நர்சிங் இப்போதுதான் இரண்டாம் வருடம். உங்கள் பக்கத்தில் வேலை பார்க்கும் கீழத்துறைப் பையன்களிடம் நைசாக விசாரித்து உடனே எழுதுங்கள்.

வேளாங்கண்ணி

பஹ்ரைன்
25 செப்டம்பர் 2009

வேளாங்கண்ணிக்கு ததேயுஸ் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் முழங்காலுக்குத் தைலம் போடு. வேனில் முன்னால் உட்காரக் கேள்.

ரியோத்தா என்று எங்கள் படகில் யாரும் இல்லை. கீழத்துறைப் பையன்களிடம் கேட்டேன், அவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கும் அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. யாரோ ஒருவனுடைய கைக்காகப் பிள்ளை வேண்டிக்கொண்டால் என்ன குற்றம்? அவனுக்குக் கை சரியாகட்டும். ஷீஜா பேச்சைக் கேட்டு அவளை அடிக்காதே.

ததேயுஸ்

சூசைத்துறை
12 அக்டோபர் 2009

சிந்தியாவின் அப்பாவுக்கு. ஆண்டவர் காப்பாற்றுகிறார், இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வாய்ச்சொல்லாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். வந்த கடிதம் உங்கள் எழுத்து இல்லை. உங்கள் எழுத்து கோட்டில் நிற்காது, கீழே சரிந்து போகும். இது காயப்போட்ட நெத்திலி மாதிரி வரிசையாக இருக்கிறது. யார் எழுதியது? ஏன்?

இங்கே நடப்பதைக் கேளுங்கள். இந்த மாதத் தலைவெள்ளிக்கும் அதே பெயர், அதே வலது கை. இனிப் பொறுப்பதில்லை என்று ஏலம் நடக்கும் இடத்தில் கையில் கட்டுப்போட்ட பயல் எவன் வந்தாலும் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு ஊருக்கும் பேச்சு இல்லாவிட்டாலும் ஐஸ் மட்டும் கீழத்துறையிலிருந்துதான் வருகிறது, குமாரதாஸ் என்று ஒருவன் கொண்டுவருகிறான். வலது கையில் பெரிய கட்டு. ஆளும் நல்ல நிறம். ஓரமாகக் கூப்பிட்டு, "ஏலே, ஒனக்கு வீட்டில வேற பேரு உண்டா?" என்றேன். "என்னத்துக்கு மாமி?" என்றான். "கை என்னல ஆச்சு?" என்றேன். "ஐஸ் கட்டை விழுந்துட்டு மாமி. நீங்க ஒருத்திதான் கேட்டிய" என்று சொல்லி அழுதே விட்டான். அவனுக்கு ஒரு சூரை மீன் துண்டு கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. அவன் இல்லை.

இது சிரிக்கிற விஷயமில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் சந்தையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். மகள் அடுக்களைக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். "பைய மடக்குங்க... வலிச்சா விட்டிருங்க... நாளைக்கு இன்னும் கொஞ்சம் மடக்கலாம்" என்கிறாள். மரியாதை வேறு! என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அதில் ஒரு நம்பரும் இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிடுகிறாள். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புதான். ஆனாலும் ஒன்றும் இல்லாத போன் எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று தெரியும்.

ஷீஜா ஒரு இடம் சொல்கிறாள். அவள் கணவர் வழியில் சுஜின் என்று ஒரு பையன், சொந்தப் படகு இருக்கிறது. கல்யாணம் முடித்துவிட்டால் பிறகு கல்லூரி வேண்டாம் என்கிறார்கள். மகள் கையைவிட்டுப் போவதைவிட அது நல்லது என்று எனக்கும் தோன்றுகிறது.

உங்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருடம் விடுப்பில் வந்தபோது நீங்களும் அவளும் டிவியில் ஏதோ சீனாக்காரப் படம் போட்டுப் பார்ப்பீர்கள். நான் கூடையை இறக்கி வைத்து, என்ன கதை என்று கேட்டால், "ஒனக்கு வெளங்காது" என்று இரண்டு பேரும் சிரிப்பீர்கள். அவள் உங்களை ஏதோ பெயர் சொல்லிக் கேலி செய்வாள். அன்றே எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் அப்பாவும் மகளும் சேர்ந்து என்னை வெளியே நிறுத்துகிறீர்களோ என்றுதான் நினைக்கிறேன்.

வேளாங்கண்ணி

பஹ்ரைன்
2 நவம்பர் 2009

வேளாங்கண்ணிக்கு. நலம். உன் நலம் அறிய ஆசை.

கடிதத்தை எழுதுவது ஆன்ட்ரூஸ். ஒரே அறையில் இருக்கிறோம், உனக்குத் தெரியுமே. கயிறு இழுத்து எனக்குக் கை வெடித்திருக்கிறது, பேனா பிடித்தால் எரிகிறது. அதனால் நான் சொல்ல அவன் எழுதுகிறான். வேறொன்றும் இல்லை.

சுஜின் காரியத்தை நான் வரும்வரை தள்ளிவை. பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்தாதே, உன்னைக் கையெடுத்துக் கேட்கிறேன். பூசை என்ன, மொத்தம் ஆறு தலைவெள்ளிதானே? பிப்ரவரியோடு முடிந்துவிடும். அதுவரை ஒன்றும் கேட்காமல் பொறு.

ததேயுஸ்

சூசைத்துறை
22 நவம்பர் 2009

சிந்தியாவின் அப்பாவுக்கு. சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், கோபம் ஆறியிருந்தால்.

ஆறு என்று உங்களுக்கு யார் சொன்னது? நான் எழுதவில்லை. எனக்கே தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உபதேசியாரிடம் ஓடினேன். "ஆமா, ஆறுக்கும் சேத்துத்தான் அண்ணைக்கே எழுதிக் குடுத்துட்டாளே" என்கிறார். ஊரில் இருக்கிற எனக்குத் தெரியாதது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களுக்குத் தெரிகிறது. உங்களுக்கு எல்லாம் தெரியும். அவள் யாரிடம் பேசுகிறாள் என்பதும் தெரியும். பெற்ற தாயை முட்டாளாக்கி இரண்டு பேரும் வேடிக்கை பார்க்கிறீர்கள்.

அந்த ஆத்திரத்தில் அவளுடைய மெத்தையைப் புரட்டினேன். நான் கீழத்துறையெல்லாம் தேடிய பயல் அங்கே ஒரு சிடி உறையில் சிரித்துக்கொண்டு கிடக்கிறான்! பள்ளிக்கூடத்துச் சட்டை, கழுத்தில் டை, கண்ணை மறைக்கும் முடி. பக்கத்தில் குட்டைப் பாவாடையில் ஒரு பெண், கையில் சாப்பாட்டு டப்பா. படத்துக்கு மேலே மகள் பேனாவால் ரியோத்தா என்று எழுதி ஒரு பூவும் போட்டிருக்கிறாள்.

முடியைப் பிடித்துக் கேட்டேன். அப்போது சொன்னாள்: "அம்மா, இது ஜப்பான் நாடகம். பள்ளிக்கூடத்தில நடக்கிய காதல் கதை, சிரிப்பா இருக்கும். இவன் நடிகன். நாடகத்தில இவனுக்க பேருதான் ரியோத்தா." அப்படியானால் பூசை? "ஷூட்டிங்கில கை ஒடிஞ்சிட்டாம். பாவமா இருந்திச்சி."

எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கீழத்துறை இல்லை என்றதும் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி நம்ப மறுக்கிறது. டிவியில் வருகிறவனுக்காக எந்தப் பெண் ஆறு மாதம் பூசை வைப்பாள்? அந்தச் சிடியின் பெயரைச் சொல்லி இவள் வேறு எவனையோ மறைக்கிறாள். கிறிஸ்மஸ் முடிந்ததும் சுஜின் வீட்டார் வருகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, அதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கை வெடிப்புக்கு வேப்பெண்ணெய் போடுங்கள்.

வேளாங்கண்ணி

பஹ்ரைன்
10 டிசம்பர் 2009

வேளாங்கண்ணிக்கு. நலம். கிறிஸ்மஸ் வாழ்த்து.

மகள் சொன்னது சரிதான். அந்த நாடகத்தை நான்தான் கொண்டுவந்தேன். இங்கே ஒரு பிலிப்பைன்ஸ்காரர் கொடுத்தார். பூசை ஆறு என்று அவள்தான் போனில் சொன்னாள். சின்னப் பிள்ளையின் கிறுக்குத்தனம், விட்டுவிடு. சுஜின் வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிடாதே.

ததேயுஸ்

மைனி, இது ஆன்ட்ரூஸ். அண்ணன் நல்லா இருக்காவ. நல்லாச் சாப்பிடுதாவ. ஒண்ணும் நினைச்சு மனசைப் போட்டு அலட்டாதீங்க.

சூசைத்துறை
3 ஜனவரி 2010

சிந்தியாவின் அப்பாவுக்கு.

சுஜின் வீட்டார் வந்தார்கள். அச்சுமுறுக்கும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு ஒரு வாரத்தில் பதில் சொல்லுங்கள் என்று போனார்கள். நான் உடனே சரி என்றிருப்பேன். ஆனால் உங்கள் கடிதம் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. செப்டம்பரில், அந்தப் பெயரில் யாரையும் தெரியாது என்றீர்கள். டிசம்பரில், நான்தான் கொண்டுவந்தேன் என்கிறீர்கள். நல்லாச் சாப்பிடுகிறார் என்று நான் கேட்காமலே ஆன்ட்ரூஸ் எழுதுகிறான். நோயாளியைப் பற்றித்தான் அப்படி எழுதுவார்கள்.

அதனால் பதில் சொல்வதற்கு முன் அந்த ரியோத்தாவை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். "போடுட்டி அந்தப் படத்தை" என்றேன். மகள் வெளிறிப் போனாள். கீழே ஓடும் இங்கிலீஷை அவள் தமிழில் சொல்லச் சொல்ல, பதினோரு பாகத்தையும் பார்த்து முடித்தேன். சந்தைக்குக்கூடப் போகவில்லை.

நல்ல நாடகம்தான், சும்மா சொல்லக்கூடாது. அந்தப் பெண் மிசாக்கி தினமும் அவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு வருகிறாள். அவன் தின்றுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறான். கூட வரும் குண்டுத் தோழி நம் ஷீஜாவேதான், எங்கே பார்த்தாலும் கோள்மூட்டுகிறாள். உடற்பயிற்சி வாத்தியார் விழுந்தபோது எனக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. ரியோத்தா மட்டும் வாயைத் திறக்க மாட்டான். காய்ச்சலில் கிடந்தாலும் சொல்ல மாட்டான், அவளுக்காகச் சண்டையில் அடி வாங்கினாலும் சொல்ல மாட்டான். எனக்கு டிவியை உடைக்கலாம் போல இருந்தது. கடைசிப் பாகத்தில், சரி, இப்போது ஆசையைச் சொல்வான் என்று பார்த்தால், "நாளைக்கும் கொண்டு வா" என்கிறான். அவ்வளவுதான். அந்தப் பெண் அதற்கே அழுகிறாள். நானும் அழுதேன்.

அழுதுகொண்டே யோசித்தேன். பதினோரு பாகத்திலும் அந்தப் பயலுடைய கையில் ஒரு கீறல் இல்லை. நிஜத்தில் கை ஒடிந்தது நடிகனுக்கு என்றால் நடிகன் பெயரில்தானே பூசை வைப்பார்கள்? "நடிகனுக்க சொந்தப் பேரு என்னட்டி?" என்றேன். ஷோஹேய் என்று என்னவோ சொன்னாள். அப்படியென்றால் கை ஒடிந்த ரியோத்தா ஜப்பானில் இல்லை. கீழத்துறையிலும் இல்லை. பேனா பிடிக்க முடியாத ஒருவன், போனில் சொல்லச் சொல்ல விரலைப் பைய மடக்கிப் பார்க்கிற ஒருவன், மகள் மரியாதை கொடுத்துப் பேசுகிற ஒருவன், எது நடந்தாலும் வாயைத் திறக்காத ஒருவன். அப்படி ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும்.

"இது ஒனக்க அப்பாதானே?" என்று கேட்டேன். அவ்வளவுதான், பிள்ளை என் மடியில் விழுந்துவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். ஆகஸ்டிலேயே உங்கள் கை வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டியதை, இரண்டு ஆபரேஷன் ஆனதை, ஆன்ட்ரூஸ் போன் செய்ததை, அம்மாவிடம் சொல்லாதே என்று நீங்கள் கட்டளை போட்டதை. ததேயுஸ் என்று எழுதிக் கொடுத்தால் நான் பூசையில் கேட்டுவிடுவேன் என்று, நாடகத்தை வைத்து அவள் உங்களைக் கேலி செய்யும் பெயரைக் கொடுத்திருக்கிறாள். "பேரை மாத்திக் குடுத்தா கடவுளுக்கு ஆளு தெரியாமப் போவுமாம்மா?" என்று கேட்கிறாள்.

இந்தப் பிள்ளையைத்தான் நான் முடியைப் பிடித்து இழுத்தேன். இவளுடைய படிப்பைத்தான் நிறுத்தப் பார்த்தேன். எனக்கு என்மேல் வருகிற கோபத்தைவிட உங்கள்மேல் வருகிற கோபம் பெரிது. தம்பி போனபோது நான் மூன்று மாதம் படுத்துக் கிடந்தேன், உண்மைதான். அதற்காக? என் புருஷனுக்குக் கை போனதை ஊரே கேட்கப் பூசையில் வாசிக்கிறார்கள், நான் அங்கே முட்டி போட்டுக்கொண்டு அந்தப் பயலைப் பிடித்து உதைக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்! என்னை என்ன ஆக்கிவிட்டீர்கள்?

ஆன்ட்ரூஸ் எழுதிய கடிதம் இனி எனக்கு வேண்டாம்.

வேளாங்கண்ணி

பஹ்ரைன்
20 ஜனவரி 2010

கண்ணி,

இது என் எழுத்து. இடது கை. நாலு நாள் ஆனது.

ரெண்டு விரல் இனி மடங்காது. மற்ற மூன்றும் மடங்கும். மகள் சொல்லித் தந்தபடி செய்தேன்.

மறைத்தது உனக்குப் பயந்து இல்லை. நீ மறுபடி படுத்துவிடுவாய் என்று பயம். இந்தக் கையால் இனி வலை இழுக்க முடியாது. அதை உனக்கு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை.

ஈஸ்டருக்கு என்னை ஊருக்கு அனுப்புவார்கள். பிள்ளை படிக்கட்டும்.

சாளைக்கறி தின்று நாளாச்சு.

ததேயுஸ்

சூசைத்துறை
7 பிப்ரவரி 2010

ரியோத்தா அவர்களுக்கு,

மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் வலி இருக்கிறது, வேனில் முன்னால்தான் உட்காருகிறேன். உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் தக்கலைச் சந்தையில் எல்லாரிடமும் காட்டினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதா என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என்றேன்.

சுஜின் வீட்டாரிடம் பெண் படிக்கிறாள் என்று சொல்லியாயிற்று. ஷீஜா முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். திரியட்டும். மகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "போம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். பிறகு தானாகவே வந்து எனக்குத் தலை வாரிவிட்டாள்.

முந்தாநாள் கடைசித் தலைவெள்ளி. முன்கூட்டியே போய் உபதேசியாரிடம், அந்தப் பெயரை வெட்டிவிட்டு வேறு பெயர் எழுதும் என்றேன். சாமியார், "சூசைத்துறை ததேயுஸின் வலது கை சுகம் பெற" என்று வாசித்தார். கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஷீஜா, "அண்ணனுக்கா! மைனி, அண்ணனுக்கா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் விழவில்லை. நேராக நின்று ஆமென் சொன்னேன். இதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வலை இழுக்க முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். தக்கலையில் எனக்குக் கூடையை இறக்கி வைக்க ஆள் இல்லை. மீன் நிறுக்க மூன்று விரல் போதும். பேசத் தெரியாத ஆள் தராசு பிடித்தால் பேரம் பேச வருகிறவர்களும் பேசாமல் வாங்கிப் போவார்கள்.

வருகிற 28ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்ததும் போன் செய்யுங்கள். மகள் எடுக்க மாட்டாள். நான் எடுப்பேன். எடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றேன் என்றால் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அழுது முடித்ததும் பேசுவேன்.

சாளைக்கறி இருக்கிறது. நாளைக்கும் இருக்கும்.

வேளாங்கண்ணி